மறந்துபோன எங்கள் படங்கள்

எங்கள் வகுப்பில் யாரிடமாவது பத்துத் தமிழ்ப் படங்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடுவார்கள். நடிகர் யார், இசை யார், எந்தப் பெருநாளுக்கு வந்தது என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் "இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் ஒன்றைச் சொல்லு" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். "அப்படியும் படம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

இருக்கிறது. 1962ஆம் ஆண்டிலேயே 'சமுதாயம்' என்ற படம் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் 'தோட்டக்காரி' வந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்குள் 'கடமையின் எல்லை', 'குத்துவிளக்கு', 'புதிய காற்று', 'கோமாளிகள்', 'பொன்மணி', 'வாடைக்காற்று', 'நான் உங்கள் தோழன்' என்று பல படங்கள் வந்தன. இவற்றின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். ஒரு புத்தகமே எழுதும் அளவுக்கு இருந்த ஒன்று, எங்கள் வயதுப் பிள்ளைகளின் காதுக்குக்கூட வந்து சேரவில்லை. இந்தப் படங்களை நாம் தேடிப் பார்க்க வேண்டும், தனியாக அல்ல, ஒரு தோழியோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் படங்கள் ஏன் மறந்துபோயின? நல்ல படமாக இருந்தால் தானாகவே நிலைத்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. யாழ்ப்பாணத்தில் ராணி, வின்சர், ரீகல், வெலிங்டன், ராஜா, மனோகரா என்று படமாளிகைகள் நிறைந்திருந்த காலத்தில் அவற்றில் ஓடியவை பெரும்பாலும் இந்தியப் படங்களே. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வண்ணத்தில் வரும்போது, குறைந்த காசில் கறுப்பு வெள்ளையில் எடுத்த உள்ளூர்ப் படத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? அடுத்தது, எங்கள் பேச்சுத் தமிழையே திரையில் கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எங்கள் காது சென்னைத் தமிழுக்குப் பழகிவிட்டது. மூன்றாவதுதான் பெரிய காரணம். 1983 ஜூலையில் கொழும்பில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது படமாளிகைகளும் எரிந்தன. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. படச்சுருள்கள் தீயில் போயின. புத்தகம் என்றால் எங்கேயாவது ஒரு வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி மிஞ்சும். படச்சுருள் அப்படி மிஞ்சுவதில்லை.

'குத்துவிளக்கு' படத்தை 1972இல் தயாரித்தவர் வி.எஸ். துரைராஜா. அவர் தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திரும்பக் கட்டுவதற்கான பணியில் ஈடுபட்டவரும் அவரே. நூலகம் இன்று வெள்ளைவெளேரென்று எழுந்து நிற்கிறது. அதைப் பார்க்கச் சுற்றுலாவில் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதே மனிதர் யாழ்ப்பாணத்து மண்ணைக் காட்டுவதற்காகத் தயாரித்த படத்தின் பெயர் அந்த வாசலில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நானும் தோழியும் இந்த வேலையில் இறங்கியது பெரிய திட்டம் போட்டு அல்ல. வாப்பாவின் உத்தியோகம் காரணமாக நாங்கள் தெல்லிப்பழையில் வாடகைக்கு இருக்கிறோம். தோழியின் வீடு இரண்டு வேலி தள்ளி. நாங்கள் இருவரும் படிப்பது வேறு வேறு பாடசாலைகளில். ஆனால் தமிழ் பாடத்துக்குப் போவது ஒரே ரியூசனுக்கு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை நூலகம் இணையத்தளத்தில் தேடியபோதுதான், அது 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமாகவும் வந்தது என்று அறிந்தோம். வாடைக் காலத்தில் மீன்பிடிக்க வந்து கரையில் வாடி போடும் தொழிலாளர்களின் கதை அது. மயிலிட்டிக் கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். 1990இலிருந்து 2017 வரை அந்தத் துறைமுகத்துக்கு ஊர் ஆட்கள் போக முடியாமல் இருந்தது. அந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே கடற்றொழிலாளரின் கதையைத் தமிழில் படமாக எடுத்தார்கள் என்பதை அறியாமல் இருந்தோமே என்று தோழி சொன்னாள். அன்று தொடங்கியது.

எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டு விறாந்தையில் அவளுடைய அண்ணாவின் மடிக்கணினியில் பார்ப்பது. மஃரிபுக்குப் பாங்கு நேரம் வந்தால் நிறுத்திவிட்டு நான் வீட்டுக்குப் போவது. மிச்சம் அடுத்த கிழமை. படம் முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வி ஒரு கொப்பியில் எழுத வேண்டும். "நல்ல படம்", "கூடாத படம்" என்று எழுதக்கூடாது. கேள்விதான் எழுத வேண்டும்.

அப்படி நாங்கள் பார்த்ததில் எங்களை மிகவும் பேச வைத்தது 'பொன்மணி'. 1977இல் வந்தது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களத்தில் பெயர்பெற்ற இயக்குநர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 2018இல் காலமானார். கதை வசனம் காவலூர் ராஜதுரை. நடித்தவர்கள் பெரும்பாலும் தொழில் நடிகர்கள் அல்லர். எழுத்தாளரும் மருத்துவருமான நந்தி, சித்திரலேகா மௌனகுரு, சி. மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி என்று பல்கலைக்கழகத்தோடும் இலக்கியத்தோடும் தொடர்புள்ளவர்கள் நடித்திருக்கிறார்கள். எங்கள் தமிழ் ஆசிரியர்கள் விமர்சனக் கட்டுரைகளில் சொல்லும் பெயர்கள் திரையில் நடமாடுவதைப் பார்ப்பதே ஒரு புதுமை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று. சீதனம் கொடுக்க வழியில்லாமல் மூத்த பெண்ணின் கலியாணம் தள்ளிப் போகிறது. இளையவள் பொன்மணி வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரை விரும்பி வீட்டை விட்டுப் போகிறாள். முடிவில் உயிரை இழக்கிறாள். படம் மெதுவாகத்தான் போகிறது. சண்டை இல்லை, பகிடி இல்லை. அந்தக் காலத்தில் படம் ஓடவில்லை என்றால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த மெதுவில்தான் அந்த வீட்டின் நெருக்கம் தெரிகிறது. ஒரு பெண்ணுக்கு விலை பேசப்படும்போது அந்தப் பெண் அடுக்களையில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதை வேகமான படம் காட்டாது.

தோழி கொப்பியில் எழுதிய கேள்வி: "சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே எங்கட வீடுகளில் எப்பிடிச் சாதி கதைக்கினம்?" கலியாணப் பேச்சு வந்தால் முதலில் கேட்கப்படுவது "எந்தப் பகுதி ஆக்கள்?" என்ற கேள்விதான், அது நாகரிகமான கேள்விபோல இருக்கும் என்று அவள் விளக்கினாள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிறகு அவள் என்னைக் கேட்டாள்.

"ஏனடி, உங்கட ஆக்களிட்டயும் சீதனம் இருக்கோ?"

"இருக்கு. பேர் வேற. கைக்கூலி எண்டு சொல்லுவம்."

"உங்கட மார்க்கத்தில மாப்பிள்ளை எல்லே குடுக்க வேணும்?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் சொன்னது சரி. மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்கும்படி சூரத்துந் நிஸாவின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதைத்தான் இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி எடுக்கிறோம். வெளியே வந்தால் எத்தனை இலட்சம், வீடு யாருடைய பெயரில், எத்தனை பவுண் என்ற பேச்சு. நிக்காஹ் பதிவில் ஒரு சிறிய மஹர்த் தொகை, அதற்கு முதல் நாள் கைமாறிய பெரிய தொகை எந்தப் பதிவிலும் இல்லை. 'பொன்மணி'யில் வருவது சைவக் குடும்பம். ஆனால் அந்த மூத்த அக்காவை எங்கள் தெருக்களிலும் பார்க்கலாம்.

அன்றிரவு படத்தின் கதையை உம்மாவிடம் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் உறவில் ஒருவருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை கலியாணம் நிற்காமல் போனதையும், வீடு முடிந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதானதையும் சொன்னார். அந்தச் சாச்சியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இந்தக் கதை மட்டும் தெரியாது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய, ஓடாத, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்கள் வீட்டில் பேசாத பேச்சைப் பேச வைத்தது. இதைவிட ஒரு படம் என்ன செய்ய வேண்டும்?

பெற்றோர்கள் தவறாக நினைக்க வேண்டாம். பொன்மணி வீட்டை விட்டுப் போனது சரி என்று நான் வாதாட வரவில்லை. தோழிக்கும் எனக்கும் அதில் கருத்து வேறுபாடு உண்டு. "அவள் போனதால அக்காவுக்கு இருந்த வழியும் அடைபட்டுப் போச்சு" என்பது அவளுடைய வாதம். என்னுடைய கேள்வி வேறு. அந்த வீட்டில் ஒரு பிள்ளை வாய் திறந்து பேசுவதற்கு ஏன் இடமிருக்கவில்லை? பேச இடமிருந்தால் போக வேண்டி வந்திருக்காதே? நான்கு கிழமையாக இதைப் பேசுகிறோம், முடியவில்லை. தனியாகப் பார்த்திருந்தால் இரண்டாம் நாள் மறந்திருப்பேன்.

அடுத்தது 'கோமாளிகள்'. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் போனது. அதை எழுதிய எஸ். ராமதாஸ் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் நடித்தார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் உபாலி. பி.எச். அப்துல் ஹமீத் ஐயர். அந்தத் தொடரின் வெற்றிதான் 1976இல் எஸ். இராமநாதன் இயக்கத்தில் படமானது. கவனித்துப் பாருங்கள். தமிழர் ஒருவர் முஸ்லிமாக நடிக்கிறார். முஸ்லிம் ஒருவர் ஐயராக நடிக்கிறார். இன்னொரு தமிழர் சிங்களவராக நடிக்கிறார். இன்று அப்படி ஒன்று எடுத்தால் எத்தனை அறிக்கை வரும்! எங்கள் உம்மும்மா சோனகதெருவில் இருந்த காலத்தில் படமாளிகைப் பக்கமே போனதில்லை. ஆனால் இந்தத் தொடரை வானொலியில் கேட்டிருக்கிறார். "மரிக்கார் பேசினா எங்கட மூத்தவாப்பா பேசின மாதிரியே இருக்கும்" என்று இன்றும் சிரிக்கிறார். ராமதாஸுக்குக் கடைசிவரை 'மரிக்கார் ராமதாஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

உம்மும்மாவின் சிரிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் கொப்பியில் என் கேள்வியை எழுதினேன்: "எங்கள் பேச்சு எப்போதும் பகிடிக்கு மட்டுந்தானா?" பகிடியில் எல்லோரும் சமமாக அகப்பட்டார்கள், ஐயரும் உபாலியும் தப்பவில்லை என்று தோழி சொன்னாள். அது உண்மைதான். ஆனால் ஐயருக்கும் அப்புக்குட்டிக்கும் வேறு கதைகள் இருந்தன. துன்பப்படும் தமிழ்க் குடும்பம் பல படங்களில் உண்டு. துன்பப்படும் முஸ்லிம் குடும்பம் எந்தப் படத்தில் வந்தது? 'பொன்மணி' காட்டும் யாழ்ப்பாணத்திலும் ஒரு முஸ்லிம் வீட்டின் கதை இல்லை. அந்தப் படம் எடுத்த காலத்தில் எங்கள் உம்மும்மா யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். உம்மா அப்போது சிறுபிள்ளை. உடுத்த உடுப்போடு புத்தளம் போன கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் பலர் தங்கள் வீடுகளிலேயே கேட்டிருப்பீர்கள். அதே 1990இல், சில மாதங்களுக்கு முன், தோழியின் தாயார் குடும்பமும் தெல்லிப்பழையை விட்டு ஓடியது. வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. போருக்குப் பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோதுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. இரண்டு வீட்டிலும் பழைய அல்பம் இல்லை. என் உம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய அம்மாவின் படமும் இல்லை.

இப்படிப்பட்ட எங்களுக்கு இந்தப் பழைய படங்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 'பொன்மணி'யில் ஒரு தெரு வந்தால் தோழியின் அம்மம்மா அருகில் வந்து நின்று பார்க்கிறார். கதையைப் பார்ப்பதில்லை. வேலியைப் பார்க்கிறார், சைக்கிளைப் பார்க்கிறார், பெண்கள் சேலை கட்டிய விதத்தைப் பார்க்கிறார். "உந்தக் கிடுகு வேலி இப்ப எங்க?" என்கிறார். இழந்துபோன அல்பத்தின் ஒரு பக்கம் அங்கே இருக்கிறது. எங்கள் மக்கள் அந்தப் பக்கத்தில் இல்லை என்பதையும் அங்கேதான் நான் கண்டேன். இருப்பதைக் கண்டு மகிழவும், இல்லாததைக் கேட்கவும், இரண்டுக்குமே முதலில் படத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உயர்தரப் பரீட்சை வைத்துக்கொண்டு படம் பார்ப்பதா என்று கேட்கலாம். கைத்தொலைபேசியில் அரை நிமிடக் காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் ஒரு கிழமையில் எத்தனை மணித்தியாலம் போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்த்தால் போதும். மாதத்தில் ஒரு படம், அதுவும் பேசுவதற்காகப் பார்க்கும் படம், படிப்பைக் கெடுக்காது. தமிழ்ப் பாடத்தில் நாவலை எப்படி விமர்சிப்பது என்று நான் கற்றதில் பாதி அந்த விறாந்தையில் கற்றதுதான்.

சினிமாவே கூடாது என்று சொல்லும் பெரியவர்களின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். எதைப் பார்க்கிறோம், யாரோடு பார்க்கிறோம் என்பதில் எல்லை வேண்டும். அதனால்தான் மறைவாகப் பார்க்கும் நூறு படங்களைவிட, வீட்டாருக்குத் தெரிய, வாசல் திறந்திருக்கும் விறாந்தையில், நடுவில் தொழுகைக்கு எழுந்து போகக்கூடிய விதத்தில் பார்க்கும் ஒரு படம் நல்லது என்கிறேன்.

இந்தப் படங்கள் தரமற்றவை என்பது மூன்றாவது மறுப்பு. சில அப்படித்தான். ஒலி தெளிவில்லை. சிலவற்றில் நடிப்பு மேடை நாடகம்போல இருக்கிறது. இந்தியப் படத்தைப் பார்த்துப் போட்ட சூடும் உண்டு. "நம்மவர் எடுத்தது, ஆகவே நல்லது" என்று பாராட்டினால் அது இரக்கம். அந்தப் படங்களுக்கு இரக்கம் தேவையில்லை. நேர்மையான பார்வைதான் தேவை. நன்றாக இல்லாத படத்தைப் பார்த்து ஏன் நன்றாக இல்லை என்று இருவர் பேசுவதும் ஒரு கல்விதான்.

பார்ப்பவர் இல்லாவிட்டால் படம் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. அதுவும் இல்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கும் தமிழகச் சினிமாவுக்கே தன் பிறப்பைக் காட்டப் படம் இல்லை. மறுபக்கம், எங்கள் நாட்டின் சுமித்திரா பீரிஸ் 1978இல் இயக்கிய 'கெஹெனு லமாய்' என்ற சிங்களப் படம் திருத்திப் புதுப்பிக்கப்பட்டு 2025இல் பிரான்சின் கான் விழாவில் காட்டப்பட்டது. ஒரு கிராமத்துப் பெண்பிள்ளையின் கதை அது. 'வாடைக்காற்று' வந்ததும் அதே 1978இல்தான். ஒன்று கடல் கடந்து போய் மரியாதை பெறுகிறது. மற்றதன் பெயரை அது பிறந்த மொழியிலேயே கேட்டவர் குறைவு. கேட்டுக் கொண்டேயிருக்கும் ஆட்கள் இருந்தால்தான் எவராவது தேடுவார்கள், தேடினால்தான் எவராவது திருத்துவார்கள்.

ஆகவே எங்கள் கல்லூரிச் சமூகத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, தமிழ் இலக்கிய மன்றம் தவணைக்கு ஒரு படத்தைத் தெரிந்து திரையிட்டு, பிறகு ஒரு மணி நேரம் கலந்துரையாட வேண்டும். 'பொன்மணி'யில் தொடங்கலாம். 1993இல் பேராதனை ஜுனைதீன் தயாரித்த 'ஷர்மிளாவின் இதயராகம்' பற்றியும் பேச வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு இலங்கையில் தமிழ்ப் படம் எடுக்கத் துணிந்தவர் ஒரு முஸ்லிம் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இரண்டு, உம்மும்மா, வாப்பும்மா, மூத்தவாப்பா உள்ள பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் கேளுங்கள். எந்தப் படமாளிகை, ரிக்கட் எவ்வளவு, யார் கூட்டிக்கொண்டு போனது, போக விடாதது யார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய பாட்டுப் புத்தகமோ நோட்டிஸோ ஒரு பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் பிரதியெடுத்துப் பாதுகாக்க நூலகம் நிறுவனம்போன்ற இடங்கள் உண்டு.

மூன்று, எங்கள் சமூகத்துக்கு வெளியே ஒரு தோழியைத் தேடிக்கொண்டு பாருங்கள். எனக்குத் தெரியாத சாதியை அவள் காட்டினாள். அவளுக்குத் தெரியாத வெற்றிடத்தை நான் காட்டினேன். ஒரே திரையை இருவர் பார்த்தால் இரண்டு படம் தெரிகிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை பார்க்கும்போது நீங்களும் அருகில் வந்து இருங்கள். பதினைந்து நிமிடம் போதும். சீதனமும் கைக்கூலியும் பற்றி மகளோடு நேராகப் பேசச் சங்கடமாக இருந்தால், பொன்மணியின் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக் கதைக்கு வர அதிக நேரம் எடுக்காது.

எங்கள் கொப்பியில் இப்போது பதினொரு கேள்விகள் இருக்கின்றன. பதில் எழுதியது இரண்டுக்குத்தான். மிச்சத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

– உயர்தர மாணவி, கலைப்பிரிவு, தெல்லிப்பழை